வீடு பார்க்கப் போகும்போதே மொட்டை மாடிக்கும் ஏறிவிடுங்கள்

சென்னைக்கு வேலைக்கு வந்து தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது மூன்று: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ஸ்டேஷன் எவ்வளவு தூரம். மூன்றுக்கும் தரகரே பதில் சொல்லிவிடுவார். அவர் தானாக வாய் திறக்காத விஷயங்கள் வேறு மூன்று உண்டு: தண்ணீர், வெயில், மழைநீர் வடியும் வழி. மாடியில் நாலு பையில் கீரை போட வேண்டும் என்று நினைப்பவர் இந்த மூன்றையும் விசாரிக்காமல் தப்ப முடியாது. கீரை ஆசை இல்லாதவரும் விசாரிப்பது நல்லது. கத்தரிச் செடியைக் கருக்கும் உப்புத் தண்ணீர்தான் குழாயையும் கீசரையும் அடைக்கிறது. பை வேரை அழுக வைக்கும் அதே தேங்கல்தான் கொசுவையும் கொண்டுவருகிறது.

ஆகவே வீடு பார்ப்பதையும் தோட்டம் போடுவதையும் ஒரே வேலையாக இங்கே எடுத்துக்கொள்கிறோம். சொல்வதெல்லாம் சென்னையின் தெற்குப் புறநகரை மனதில் வைத்துச் சொல்வது. கோவைக்கும் மதுரைக்கும் மழைக் கணக்கு வேறு.

தெருவில் நடக்கும்போது

முதலில் பெயரைக் கவனியுங்கள். ஏரி, தாங்கல், ஓடை, குட்டை என்று முடிகிற இடங்கள் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற அல்லது ஓடிய இடங்கள். தி.நகரே 1920களில் 'லாங் டேங்க்' என்ற நீண்ட ஏரியின் படுகையில் எழுந்ததுதான். ஏரி போய் நூறு வருடம் ஆகியும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பெயரை மட்டும் வைத்து வீட்டை ஒதுக்க வேண்டாம், ஆனால் பெயர் கிடைத்தால் கூடுதலாக அரை மணி நேரம் அந்தத் தெருவில் நடங்கள்.

தெற்குப் புறநகரில் ஏரிகள் சங்கிலி போல. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. இந்த வழியில் எங்கே கால்வாய் குறுகியிருக்கிறதோ அங்கே தெருவுக்குள் தண்ணீர் ஏறும். அடையாற்றின் மேல்பகுதியில் இருக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 டிசம்பரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மாட்டிக்கொண்டன. இரண்டும் வேறு வேறு மாதிரியான வெள்ளம். ஒன்று ஆறு கரை மீறியது, மற்றது தாழ்வான நிலத்தில் பெய்த மழை வடிய வழியில்லாமல் நின்றது. ஒன்றில் தப்பிய தெரு மற்றதில் தப்பியிருக்க வேண்டும் என்றில்லை.

அதனால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "இங்க வெள்ளம் வருமாங்க?" என்றால் எவரும் "அதெல்லாம் வராதுங்க" என்றுதான் சொல்வார். "2015-ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு? 2023-ல எத்தனை நாள் நின்னுச்சு? கரண்ட் எப்போ வந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்க வேண்டிய ஆள் வீட்டுக்காரர் அல்ல. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி, பால் போடுகிறவர். அண்ணாச்சிக்கு எந்த வருடம் அரிசி மூட்டையை எந்த அலமாரிக்கு ஏற்றினார் என்பது மறந்திருக்காது.

பிறகு சுவர். காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், கேட்டுக்குப் பின்னால், பெயின்ட் அடிக்க மறந்த மூலையில் குனிந்து பாருங்கள். தண்ணீர் நாள்கணக்கில் நின்ற சுவரில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே சிமென்ட் பூச்சு பொரிந்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். வெளிப்பக்கம் மட்டும் இடுப்பு உயரத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் பெட்டியைப் பெயர்த்து மேலே வைத்த பழைய திருகாணித் துளைகள் இருந்தால், வெள்ளம் வந்த உயரம் அந்தப் பெட்டியின் இப்போதைய உயரத்துக்குக் கொஞ்சம் கீழே என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சாலை மட்டம். சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே புதுத் தார் போட்டு வந்த தெருக்கள் நிறைய. வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டியிருந்தால், அந்த வீட்டுக்கு ஐப்பசி அடைமழையில் மோட்டார் வைத்துத்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். வாசல் சாலையைவிட இரண்டடியாவது உயரமாக இருக்கட்டும்.

காலி மனைகளும் பேசும். சம்பங்கோரையும் நாணலும் செழித்திருந்தால் அங்கே வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கிறது. ஆகாயத்தாமரை மண்டிய குட்டையில் கலப்பது மழைநீர் மட்டும் அல்ல, சாக்கடையும்தான். எருக்கஞ்செடி நன்றாக வடியும் மேட்டு நிலத்தைக் காட்டும். சீமைக் கருவேலத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், அது எங்கும் வளரும்.

அக்கம்பக்கத்து வீடுகளின் செடிகளை நிதானமாகப் பாருங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் பப்பாளியும் சுவருக்கு மேல் தலை நீட்டும் தெருவில் தண்ணீரும் மண்ணும் மோசமில்லை. எல்லா வீட்டிலும் இலை விளிம்பு தீய்ந்த செம்பருத்தியும் போகன்வில்லாவும் மட்டும் நின்றால், பிரச்சினை பெரும்பாலும் போர் தண்ணீரில்.

ஒரே தடவை போய் முடிவு செய்யாதீர்கள். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி நெரிசலும், இரவு பத்துக்குத் தெருவிளக்கும் நாயும், பெரிய மழை பெய்த மறுநாள் சாக்கடையும் வேறு வேறு கதை சொல்லும். மழைக்கு மறுநாள் போவதற்கு மட்டும் எந்தச் சாக்கும் சொல்ல வேண்டாம்.

தண்ணீர்

புறநகரில் ஒரு வீட்டுக்கு நாலு தண்ணீர்: போர், மெட்ரோ (குடிநீர் வாரியத் தண்ணீர்), லாரி, கேன். எது எதற்கு, எந்த மாதம் எது நிற்கும், லாரிக் காசு யார் தருவது என்று கேளுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரிக்கு வாரக்கணக்கில் காத்திருந்த நகரம் இது. அந்த வருடம் இந்தப் போரில் தண்ணீர் வந்ததா என்ற ஒரு கேள்வி போதும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேனா அளவுதான், பையில் போட்டுக்கொண்டு போங்கள். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, தம்ளரில் பிடித்து அளவெடுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. செடிக்கும் கணக்கு ஏறக்குறைய அதே எல்லைக்குள்தான். 500-க்குக் கீழே எதுவும் வளரும். ஆயிரம் வரை பெரும்பாலான காய்கள் சமாளிக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் பீன்ஸும் கேரட்டும் முதலில் திணறும். கொத்தவரை, தண்டுக்கீரை போன்றவை இன்னும் கொஞ்சம் தாங்கும். 2,000-க்கு மேல் என்றால் தோட்டம் மழைநீரை நம்பித்தான்.

மீட்டர் உப்பை மட்டும் சொல்லும், கிருமியையும் ரசாயனத்தையும் சொல்லாது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு உண்டு. அந்த மாதிரிப் பகுதியில் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்குக்கும் போருக்கும் நடுவே எத்தனை அடி என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். தண்ணீரில் லேசான முட்டை நாற்றம் வந்தால் கொத்தமல்லி, புதினா மாதிரி பச்சையாகச் சாப்பிடுவதை அந்தத் தண்ணீரில் வளர்க்க வேண்டாம்.

அளவெடுக்கும் மாதமும் முக்கியம். மார்கழியில் 700 காட்டிய போர் வைகாசியில் ஆயிரத்தைத் தாண்டலாம். மழைக்காலத்தில் வீடு பார்க்கிறவர் மீட்டரோடு குளியலறைக் குழாயின் வாயையும் பார்க்க வேண்டும். அங்கே படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கு கோடையின் கணக்கு. பக்கெட்டில் துருநிறக் கறை இருந்தால் இரும்பு.

எவ்வளவு தண்ணீர் தேவை? காய்க்கும் பருவத்தில் ஒரு தக்காளிப் பைக்கு மே மாதத்தில் தினம் இரண்டு மூன்று லிட்டர். இருபது பை என்றால் மூன்று பக்கெட்டுக்குக் குறையாது. மாடியில் குழாய் இல்லாத வீட்டில் அதை நீங்கள்தான் படியேறிச் சுமக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் எல்லாம் நல்லவை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்றாதீர்கள். தண்ணீரிலுள்ள உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான்.

வெயிலும் மாடியும்

காய் வேண்டுமென்றால் நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு நாலு போதும். இதில் ஏமாறுவது எப்படி என்று சொல்லிவிடுகிறோம். சித்திரையில் வீடு பார்க்கிறீர்கள். நண்பகல் சூரியன் நேர் உச்சியில், நிழல் காலடியிலேயே விழும், மாடி முழுக்க வெயில். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், நண்பகலில்கூட சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது தெற்குப் பக்கத்துக் கட்டடம் உங்கள் மாடியைவிட ஒரு தளம், அதாவது பத்தடி உயரம் என்றால், நண்பகல் நிழல் ஏழரை அடி நீளும். இரண்டு தளம் என்றால் பதினைந்து அடி. காலையிலும் மாலையிலும் இதைவிட நீளம். சென்னையில் காய்கறிக்கு இதமான மாதங்களே கார்த்திகை முதல் மாசி வரைதான், அந்த மாதங்களில்தான் இந்த நிழல் வந்து உட்காரும். ஆகவே மாடியில் தெற்கே பார்த்து நின்று என்ன இருக்கிறது என்று பாருங்கள். காலி மனை இருந்தால் நாளை அங்கே என்ன எழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது சுமை. ஆள் நடமாடும் மாடிக்குப் பொறியாளர்கள் வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ, அதாவது பத்துச் சதுர அடிக்கு 140 கிலோ. 15-க்கு 15 அங்குலப் பையில் முக்கால் பாகம் தோட்டமண் நிரப்பி நனைத்தால் ஐம்பது கிலோ வரும். பத்துச் சதுர அடியில் நாலு பை வைத்தாலே கணக்கு மீறிவிடும். அதே பையில் தென்னை நார்க்கழிவுக் கலவை என்றால் நனைந்தபின் முப்பது கிலோ அளவில் நிற்கும், நாலு பை தாங்கும். நடு மாடியில் குவிக்காமல் சுவர், பீம் ஓரமாக வரிசையாக வையுங்கள். மரத்தூலத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் மாடியில் பை வேண்டாம், கீழே வாசலோரம் வைத்துக்கொள்ளலாம்.

மாடிக்குக் கீழ்த் தளத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். மஞ்சள் திட்டோ, உதிர்ந்த பூச்சோ இருந்தால் ஏற்கெனவே ஒழுக்கு இருக்கிறது. நாளை பழி உங்கள் செடி மேல் விழும். பார்த்த அன்றே போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

அனுமதியை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதுதான் முறை. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸும் மூன்று மாத வாடகைதான் என்கிறது சட்டம். பத்து மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை என்பது வேறு விஷயம். அந்த ஒப்பந்தத்திலேயே "மொட்டை மாடியில் பைகளில் செடி வளர்த்துக்கொள்ளலாம், காலி செய்யும்போது அகற்ற வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அடுக்குமாடி என்றால் மாடி எல்லோருக்கும் பொது. வீட்டுக்காரர் சரி என்றாலும் அசோசியேஷன் சம்மதம் தனியாக வேண்டும்.

தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் மாதாமாதம் பணம் தின்பது: ஈ.பி. மீட்டர். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்கு. மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் போட்டு, உள்ளே துணை மீட்டர் வைத்து வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அந்த இலவசம் உங்கள் கைக்கு வராது. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதல் பத்துப் பை

பத்துக்கு மேல் வாங்காதீர்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளை கிடைத்தால் அதிலிருந்தே தொடங்கலாம். பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் எல்லாம் சேர்ந்து வரும். கடையில் வாங்கினால் கீரைக்கு அகலமான, ஒன்பது அங்குல ஆழமுள்ள பை மூன்று. காய்க்கு 15-க்கு 15 அங்குலம் ஏழு. 200 ஜி.எஸ்.எம்.-க்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கன அளவு) குறைந்த மெல்லிய பை ஒரு கோடையிலேயே கிழிந்துவிடும்.

பை நிரப்பும் முறை:

1. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டியைப் பெரிய டப்பில் வைத்து 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் பொதபொதவென்று உப்பி 60 லிட்டருக்கு மேல் ஆகும்.

2. வெளியே வரும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும், உப்பும் இருக்கும். பிழிந்து கொட்டி, இன்னும் இரண்டு முறை கழுவுங்கள். கழிநீர் வெளிர் மஞ்சளாகும்வரை. முதல் மாதத்திலேயே இலை ஓரம் கருகுகிற தோட்டங்களில் பெரும்பாலும் தவறியது இந்த வேலைதான்.

3. ஒரு காய்ப் பைக்கு நார்க்கழிவு 13 லிட்டர், நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 11 லிட்டர், செம்மண் 7 லிட்டர், வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். பெயின்ட் வாளியால் அளந்துகொள்ளலாம்.

4. பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நாலு துளை. நேர் அடியில் மட்டும் துளை இருந்தால் தரையோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

5. வாயிலிருந்து நாலு அங்குலம் காலியாக விட்டு நிரப்பி, பையை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்து, லேசாக ஈரம் காட்டி, பத்து நாள் ஆறவிட்டு அப்புறம் விதையுங்கள்.

தொழு உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் எடுத்தால் சாண வாடை இருக்கக் கூடாது, மழை பெய்த மண் வாடைதான் இருக்க வேண்டும். பாதி மக்கிய சாணத்தோடு வண்டுப் புழுக்களும் வந்துவிடும். கட்டை விரல் தடிமனில், வெள்ளையாக, சுருண்டு கிடக்கும். செடி காரணமே இல்லாமல் வாடினால் பையைக் கொட்டிப் பாருங்கள், வேரைத் தின்றுகொண்டிருக்கும்.

நார்க்கழிவில் சத்து கிடையாது, அது ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சு மட்டும்தான். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒரு முறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட வேண்டும். கடலைப்புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு நீரில் கலந்து ஊற்றுவதும் நன்றாக வேலை செய்யும். ஊறும் வாளியைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள்.

எதை எப்போது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சென்னை மாடிக்கும் பொருந்தும், ஒரு சின்னத் திருத்தத்தோடு. ஆடியில் விதைத்த கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாம் ஐப்பசி அடைமழைக்குள் வேர்பிடித்துத் தண்டு முற்றியிருக்கும், தாங்கிவிடும். அதைத் தவறவிட்டு ஐப்பசியில் விதைத்தால் நாற்று அழுகும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சும்மா இருந்துவிட்டு, மழை ஓய்ந்ததும் மார்கழியில் முள்ளங்கி, கொத்தமல்லி, தக்காளி தொடங்குவது நல்லது. தையில் மறுபடியும் வெண்டை, கொத்தவரை, கொடிக்காய்கள். சித்திரை, வைகாசியில் தக்காளி பூத்தாலும் இரவுப் புழுக்கத்தில் பூ உதிர்ந்துவிடும். உரம் போட்டும் பலனில்லை. அந்த இரண்டு மாதம் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டி, தண்டுக்கீரை, கொத்தவரையோடு ஓட்டுங்கள். ஆடி பிறந்ததும் வலையை அவிழ்த்துவிட வேண்டும், மறந்தால் காய் குறையும்.

முதலில் கீரை. சிறுகீரை, முளைக்கீரை 25 நாளில் கைக்கு வரும், வெந்தயக்கீரை இன்னும் சீக்கிரம். விதை பொடியாக இருப்பதால் ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக எரு மூடி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். மூன்றாம் நாள் முளைக்கவில்லையென்றால் எறும்பு தூக்கிப் போயிருக்கும். பை ஓரமாக ஒரு சிட்டிகை ரவை போட்டுவைத்தால் எறும்பு அதைச் சுமக்கப் போய்விடும். கொத்தமல்லியை முழு விதையாகப் போடாமல் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

வெண்டையை இரவு ஊறவைத்து நேராகப் பையில் இரண்டு விதை. நாற்பத்தைந்து நாளில் முதல் காய். ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், மூன்றாம் நாள் அது நார். கத்தரி, தக்காளியை நாற்றுவிட்டு, 25 முதல் 30 நாளில், மாலை நேரத்தில் பிடுங்கி நடுங்கள். மிளகாய் நாற்றுக்கு நாற்பது நாள்.

புதிதாகத் தொடங்குகிறவர் எல்லோரும் செய்யும் ஒரு தப்பு: பத்து வகைக் காய், வகைக்கு ஒரு செடி. விளைவு, ஒரு நாளில் இரண்டு வெண்டை, ஒரு கத்தரி, மூன்று பீன்ஸ். எதுவும் பொரியலுக்கு ஆகாது. நாலு பேர் வீட்டுக்கு வெண்டைப் பொரியல் வேண்டுமென்றால் எட்டுச் செடியாவது வேண்டும். பையில் இரண்டு செடி என்று நாலு பை வெண்டை, இரண்டு பை கத்தரி, ஒன்றில் மிளகாய், மூன்றில் கீரை: இதுதான் முதல் பருவத்துக்கு எங்கள் சிபாரிசு.

இரண்டாம் பருவத்தில் கொடி ஏற்றலாம். பூப்பூத்து, பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தால் அது நோயல்ல, மகரந்தம் சேரவில்லை. நாலாவது மாடிக்குத் தேனீ அதிகம் வராது. பின்புறம் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ, வெறும் காம்போடு இருப்பது ஆண்பூ. ஆண்பூவைப் பறித்து இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தொட்டுத் தேயுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில். சுரைக்கும் பீர்க்குக்கும் மாலையில்தான் பூ விரியும், காலையில் போய்ப் பார்த்தால் வாடிய பூதான் இருக்கும்.

கெடுவது எங்கே

அதிகத் தண்ணீரில்தான் பாதிச் செடி சாகிறது. நார்க்கழிவு மேலே காய்ந்து வெளிறிக் கிடக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மதியம் இலை தொங்கினால் உடனே ஊற்ற ஓட வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெயில் களைப்பு. காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர்ப் பஞ்சம், அல்லது வேர் அழுகல்.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இல்லாததால் அல்ல, இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவதால். முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுவது இந்தப் பருவத்துக்கு உதவாது, அது கரைய மாதக்கணக்காகும். தினமும் ஒரே அளவு தண்ணீர் போதும்.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலைபோல் ஓடினால் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது, மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அந்த ஒரு செடியைப் பிடுங்க மனசு வராமல் விட்டால் எட்டுச் செடியும் போகும்.

மாவுப்பூச்சி, அசுவினிக்கு முதல் மருந்து தண்ணீர்ப் பீச்சல். அடங்காவிட்டால் 5 மில்லி வேப்ப எண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசலை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து, சாயங்காலம் ஐந்துக்கு மேல் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். கடை ரசாயனத்துக்கு அவசரப்படாதீர்கள். 2008-ல் கோவையில் தென்பட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை நாசம் செய்த மாவுப்பூச்சியைக் கடைசியில் அடக்கியது 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு பொடிக் குளவிதான். மருந்தடித்தால் இந்த மாதிரி நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும்.

பைக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தட்டே இல்லாமல் செங்கல் மேல் வைப்பது இன்னும் நல்லது. ஆவணிக்குள் மாடி வடிகுழாயின் வாயில் கம்பிவலை செருகிவிடுங்கள். நார்க்கழிவு கரைந்து போய்க் குழாயை அடைத்தால், ஒரே இரவில் மாடி குளமாகி, மேலே போட்ட சுமைக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். புயல் அறிவிப்பு வந்தால் கொடிப் பந்தலை அவிழ்த்து, உயரமான பைகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் இறக்கிவையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா வேரோடு சாய்த்த மரங்களை நினைத்துக்கொண்டால் பையை இறக்கச் சோம்பல் வராது.

வாடகை வீடு என்பதால் காலி செய்யும் நாளும் ஒரு நாள் வரும். நோட்டீஸ் கொடுத்த அன்றே புது விதைப்பை நிறுத்துங்கள். கடைசி வாரம் தண்ணீர் விடாமல் பைகளைக் காயவைத்தால் எடை ஏறக்குறைய பாதியாகும். கலவையைச் சாக்கில் கொட்டிக் கட்டுங்கள், அடுத்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு புது எரு சேர்த்தால் மறுபடி பயன்படும். கறிவேப்பிலைப் பையை மட்டும் காயவிடாமல், ஈரச் சாக்கால் சுற்றி, வண்டியில் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள். அதைப் புது வீட்டில் முதல் வாரம் நிழலிலேயே வைத்திருக்க வேண்டும், இலை கொஞ்சம் கொட்டும், பயப்பட வேண்டாம்.